கதவுக்கு வெளியே கை கட்டி நின்றவர்

மணி அடித்தால் அந்த அக்கா முதலில் செய்வது கையைக் கட்டிக்கொள்வது. ஓடமாட்டார், கத்தமாட்டார். ஏ.சி. மெஷின் ஓடும் பிளான்ட் ரூம் கதவுக்குப் பத்தடி தள்ளி நின்று, இரண்டு கைகளையும் மார்போடு இறுக்கிக் கட்டிக்கொள்வார். புதிதாகப் பார்ப்பவர்களுக்கு ஏதோ வேடிக்கை பார்க்க வந்தவர் மாதிரி இருக்கும். நானும் முதல் தடவை அப்படித்தான் நினைத்தேன்.

“என்னக்கா, மணி அலறிக்கிட்டு இருக்கு. நீங்க கையைக் கட்டிக்கிட்டு நிக்கிறீங்க?”

“கை சும்மா தொங்கிகினு இருந்தா, அதுவா கதவுப் பக்கம் போயிடும் சார். அதான் அதைக் கட்டிப் போட்டுட்டு யோசிக்கிறேன்.”

யோசிப்பதற்கு அவருக்கு ரொம்ப நேரம் ஆகாது. வெளிச் சுவரில் இருக்கும் சிவப்புப் பொத்தானை அழுத்தி மெஷினை நிறுத்துவார். பக்கத்து சுவிட்சைப் போட்டு, உள்காற்றை வெளியே தள்ளும் காற்றாடியை ஓடவிடுவார். அப்புறம் கட்டடத்தில் இருக்கிற அத்தனை பேரையும் வெளியே வரச் சொல்லி வாட்ச்மேனை அனுப்புவார். கதவை மட்டும் தொடமாட்டார். யாரையும் தொடவிடவும் மாட்டார்.

நெய்வேலி நகரியத்தை விட்டு வெளியே வந்ததும் நெடுஞ்சாலை ஓரமாக இருந்த ஒரு தனியார் கட்டடம் அது. கீழே துணிக்கடை, அதற்கு மேல் இரண்டு மாடிக்கும் சேர்த்துக் கல்யாண மண்டபம், உச்சியில் கம்ப்யூட்டர் வகுப்பு. நான் அங்கே மேனேஜர். என் அப்பா மைன்ஸில் பெர்மனென்ட்டாக இருந்தவர். குவார்ட்டர்ஸில் பிறந்து வளர்ந்த எனக்கு அந்த அதிர்ஷ்டம் வாய்க்கவில்லை. கட்டடம் முழுவதையும் குளிர வைக்கும் பெரிய மெஷின் பாதி தரைக்குக் கீழே இருந்த ஒரு அறையில் ஓடிக்கொண்டிருந்தது. சில்லர் என்போம். அதை ஓட்டுவதற்குக் கான்ட்ராக்டர் அனுப்பிய ஆள்தான் அந்த அக்கா. ஐ.டி.ஐ.யில் குளிர்சாதனப் படிப்பு முடித்தவர். கம்மாபுரம் பக்கத்துக் கிராமம். நிலம் சுரங்கத்துக்குப் போன குடும்பம். அதைப் பற்றிப் பேசவே மாட்டார். பேச்சு அந்தப் பக்கம் திரும்பினால், “அதை வுடுங்க சார்” என்று எழுந்து போய்விடுவார்.

மெஷினுக்குள் இருக்கும் கேஸ் எங்காவது கசிந்தால், தரையோரம் பொருத்திய ஒரு சின்னப் பெட்டி அதை மோப்பம் பிடித்துவிடும். உடனே கதவுக்கு வெளியே மணி அடிக்கும், சிவப்பு விளக்கு சுழலும். எங்களுக்கெல்லாம் அது ஒரு தொந்தரவு. அவருக்கு அது ஒரு ஆள் பேசுகிற பேச்சு.

கூட்டிப் பெருக்கும் பெண்களை ஒருநாள் வரிசையாக உட்கார வைத்துச் சொல்லிக்கொடுத்தார். நானும் ஓரமாக நின்று கேட்டேன்.

“புகை மாதிரி கண்ணுக்குத் தெரியாதும்மா. நாத்தமும் பெருசா இருக்காது. காத்தை விட கனம். தண்ணி மாதிரி தரையில தேங்கும். தேங்கத் தேங்க நாம மூச்சு வுடுற காத்தை வெளிய தள்ளிடும். ஏரியில எறங்குனா கால் நனையுறது தெரியும். இதுல எறங்குனா ஒண்ணுமே தெரியாது. குனிஞ்சு ஒரு ஸ்பேனரை எடுக்கறதுக்குள்ள ஆளு சாஞ்சிடுவாங்க.”

“அப்ப உள்ள ஒருத்தர் விழுந்து கெடந்தா என்னக்கா பண்றது?” என்று ஒரு பெண் கேட்டாள்.

“வெளிய நிக்கணும்.”

“தூக்க வேணாமா?”

“முதுகுல காத்து சிலிண்டர் மாட்டிகினு தீயணைப்புக்காரங்க வருவாங்க. அவங்க தூக்குவாங்க. நீ போனா அவங்க ரெண்டு பேரத் தூக்கணும்.”

அந்தப் பெண்களுக்கு இந்தப் பதில் பிடிக்கவில்லை. எனக்கும்தான். இவ்வளவு அன்பான மனுஷிக்குள் இப்படி ஒரு கல் எங்கிருந்து வந்தது என்று தோன்றியது.

அன்பானவர்தான். முந்திரிப்பழ சீசனில் பை நிறையப் பழம் கொண்டுவந்து வாட்ச்மேனிலிருந்து துணிக்கடைப் பெண்கள் வரைக்கும் பங்கு போடுவார். யாருக்கு இருமல் என்றாலும் அவர் பையில் சுக்கு இருக்கும். என் கல்யாணத்துக்கு முதல் நாளே வந்து, என் அம்மாவுக்கு உதவியாகக் காய் நறுக்கிவிட்டு, மறுநாள் ஷிப்டுக்குச் சரியாக ஏழு மணிக்குப் போய் நின்றார். ஏழு மணிக்கு மணியின் சோதனைப் பொத்தானை அழுத்தி, அது இரண்டு தடவை கத்துவதைக் கேட்டால்தான் அவருக்கு நாள் ஆரம்பிக்கும். கதவுக்கு வெளியே ஒரு பலகையில் ஆணி அடித்து வைத்திருந்தார். உள்ளே போகிறவர் தன் பெயர் எழுதிய தகட்டை அதில் மாட்டிவிட்டுத்தான் போக வேண்டும். எங்கள் எலக்ட்ரீஷியன் அவருக்குப் பயந்தாங்கொள்ளி என்று பேர் வைத்திருந்தான். அது காதில் விழுந்தபோதுகூட அவர் சிரித்தார். “ஆமாம் தம்பி. நல்லா பயந்துகினு இருக்கேன்” என்றார்.

சிக்கல் என்னவென்றால், அந்த மணி அடிக்கடி பொய் சொன்னது. தரை துடைக்கும் திரவத்தின் நெடி பட்டால் அடிக்கும். ஒருமுறை பெயிண்டர் ஒருவர் அந்தப் பக்கமாக உட்கார்ந்து தின்னரில் பிரஷ் கழுவினார், அன்றைக்கும் அடித்தது. அன்றைக்கு மாடியில் கல்யாணம், பந்தி நடந்துகொண்டிருந்தது. அக்கா கையைக் கட்டினார், பொத்தானை அழுத்தினார், ஆளை அனுப்பினார். சாம்பார் ஊற்றிய இலைகளை அப்படியே விட்டுவிட்டு நானூறு ஐந்நூறு பேர் படியிறங்கி வெயிலில் வந்து நின்றார்கள். கல்யாணப் பெண் கழுத்தில் மாலையோடு வேப்பமர நிழலைத் தேடிப் போனாள். மாப்பிள்ளையின் மாமா என் சட்டையைப் பிடிக்காத குறை.

“இது கல்யாண மண்டபமா, இல்ல கேஸ் கம்பெனியா?”

அரை மணி நேரம் கழித்துத் தின்னர் டப்பாவைக் கண்டுபிடித்தோம். நான் அவரிடம் எரிந்து விழுந்தேன். “ஒரு நிமிஷம் கதவைத் திறந்து பார்த்திருந்தா தெரிஞ்சிருக்கும்ல?”

அவருக்குக் கோபமே வரவில்லை. “பெல்லு பொய் சொன்னா நமக்கு அரை மணி நேரம் போவும் சார். நெசத்தைச் சொல்லி, நாம அதைப் பொய்னு நெனச்சா?” என்று நிறுத்தினார். மேலே நாதஸ்வரம் மறுபடி ஆரம்பித்திருந்தது. “கல்யாணம் நடக்குதுல்ல, வுடுங்க” என்றார்.

அந்தக் கல் எங்கிருந்து வந்தது என்று ஒரு மதியம் அவரே சொன்னார். நான் கேட்கவில்லை. சாப்பாட்டு டப்பாவை மூடிக்கொண்டே சொன்னார். இங்கே வருவதற்கு முன் வேறு ஒரு ஊரில், மீன் வைக்கும் குளிர்க் கிடங்கில் வேலை. அங்கே ஒரு நாள் கேஸ் கசிந்தது. உள்ளே போன ஒருவர் திரும்பி வரவில்லை. அவரை இழுத்துவர அவருடைய நண்பர் போனார். மூன்றாவதாக வாசலில் நின்றது இந்த அக்கா.

“ரெண்டு பேரும் கண்ணுக்குத் தெரியறாங்க சார். பதினஞ்சு அடி. நான் போவல. கையைக் கட்டிகினு நின்னேன். தீயணைப்பு வண்டி வந்துது. ரெண்டு பேரும் போயிட்டாங்க.”

“நீங்க போயிருந்தா மூணு பேரு ஆயிருக்கும்க்கா.”

“அது எனக்குத் தெரியும். ரெண்டாவது போனவரோட சம்சாரம் வந்து என்னைப் பாத்து, ‘நின்னு பாத்துகினு இருந்தியாடி’ன்னு ஒரே ஒரு வார்த்தைதான் கேட்டுச்சு. அதுக்கு பதில் எனக்கு இன்னும் வரல.”

டப்பாவைப் பைக்குள் வைத்துவிட்டு மெஷின் பக்கம் போய்விட்டார். மணியை அவர் ஏன் அப்படி நம்பினார் என்று அன்றைக்குத்தான் புரிந்தது. அந்தக் கிடங்கில் மணியே கிடையாது.

இவ்வளவும் தெரிந்தவன்தான் நான். தெரிந்தும் செய்தேன்.

கட்டட முதலாளி வீட்டுக் கல்யாணம் அதே மண்டபத்தில் வந்தது. முதல் நாள் அவர் என்னைக் கூப்பிட்டு, பந்தலைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: “நாளைக்கு அந்த மணி அடிச்சுது, நாளன்னிக்கு நீ வேலைக்கு வரவேணாம்.” மனைவி அப்போது ஏழு மாதம். கல்யாணத்தன்று காலை ஏழு மணிக்கு அக்கா வழக்கம்போல் சோதனைப் பொத்தானை அழுத்தினார். மணி இரண்டு தடவை கத்தியது. ஒன்பது மணிக்கு அவர் மெஷினுக்குப் போகும் தண்ணீரைப் பார்க்க மொட்டை மாடிக்குப் போயிருந்தார். அந்த நேரத்தில் நான் எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு, மணிக்கும் சிவப்பு விளக்குக்கும் போகிற ஒயரைக் கழற்றச் சொன்னேன். “ஒரு நாளைக்குத்தான். சாயந்திரம் மாட்டிடலாம்” என்றேன். அவன் என் முகத்தை ஒரு தடவை பார்த்தான். பிறகு கழற்றினான். அக்காவிடம் நான் சொல்லவில்லை. சொன்னால் மெஷினையே நிறுத்திவிடுவார் என்று தெரியும்.

பதினொன்றரை மணிக்கு மண்டபத்தில் புழுக்கம் ஆரம்பித்தது. முதலாளி மேடையிலிருந்து கர்சீப்பால் கழுத்தைத் துடைத்துக்கொண்டு என்னைத் தேடினார். நான் கீழே போன் போட்டேன்.

“அக்கா, மேல சூடா இருக்கு. என்னன்னு பாருங்க.”

“கூலிங் கொறைஞ்சிகினு வருது சார், நானும் பாத்தேன்.” ஒரு வினாடி சத்தமில்லை. “கேஸ் போனாலும் இப்படித்தான் கொறையும். ஆனா பெல்லு அடிக்கல. வேற ஏதாச்சும் இருக்கும். உள்ள போய் பாத்துட்டு கூப்புடறேன்.”

அந்த ஒரு வினாடியில் நான் பேசியிருக்கலாம். பேசத் தேவையான வார்த்தைகள் நாலைந்துதான். மேளச் சத்தம் காதைக் கிழித்தது, முதலாளி கையை ஆட்டினார், நான் போனை வைத்தேன்.

அவர் திரும்பக் கூப்பிடவில்லை. ஐந்து நிமிஷம் பொறுத்தேன். நான் போட்ட போனையும் எடுக்கவில்லை. படிகளில் இறங்கி ஓடினேன். எலக்ட்ரீஷியனும் பின்னாலேயே வந்தான். பலகை ஆணியில் அவர் பெயர் எழுதிய தகடு தொங்கிக்கொண்டிருந்தது. கதவில் ஒரு சின்னக் கண்ணாடி உண்டு. அதன் வழியாகப் பார்த்தேன். பம்பு வைத்திருக்கும் சிமெண்ட் மேடை மேல் குப்புறக் கிடந்தார். ஒரு கை கீழே தொங்கியது.

எலக்ட்ரீஷியன் கதவுப் பிடியில் கை வைத்துவிட்டான். நான் அவன் சட்டையைப் பின்னாலிருந்து பற்றி இழுத்தேன். அவன் திமிறினான்.

“விடு சார்! நாமதான சார் கழட்டினோம்!”

“போகாத. போனா நீயும் விழுவ.”

சிவப்புப் பொத்தானை அழுத்தினேன். காற்றாடியைப் போட்டேன். தீயணைப்பு நிலையத்துக்குப் போன் செய்து, கேஸ் கசிவு, ஆள் உள்ளே இருக்கிறார் என்று சொன்னேன். மேலே இருப்பவர்களை வெளியே அனுப்பச் சொல்லி வாட்ச்மேனை விரட்டினேன். பிறகு செய்வதற்கு எதுவும் இல்லை. அந்தக் கதவுக்கு வெளியே, பத்தடி தள்ளி, என் கைகள் தானாகக் கட்டிக்கொண்டன. அவர் அந்த ஒரு வார்த்தையைச் சுமந்துகொண்டு எத்தனை வருஷம் நடந்தார் என்பது அந்த நிமிஷங்களில் எனக்குக் கொஞ்சம் தெரிந்தது. ஒரு வித்தியாசம். அவர் நின்றபோது அவர் மேல் குற்றம் இல்லை.

வண்டி வந்தது. முகமூடி மாட்டிய இரண்டு பேர் உள்ளே போய் அவரைத் தூக்கி வந்தார்கள். மூச்சு இருந்தது. பம்பு மேடையின் மேல் விழுந்ததால் பிழைத்தார், தரையில் விழுந்திருந்தால் இல்லை என்று அவர்களில் மூத்தவர் சொன்னார். ஆம்புலன்ஸ் போனதும் கூட்டம் ரோட்டில் நின்று பேசிக்கொண்டிருந்தது. பிளான்ட் ரூம் காற்று சுத்தமாகிவிட்டது என்று கருவி வைத்துப் பார்த்துச் சொன்ன பிறகு, மூன்று மணி வாக்கில், எலக்ட்ரீஷியன் ஒயரைத் திரும்ப மாட்டினான். மாட்டச் சொன்னதும் நான்தான்.

மறுநாள் கான்ட்ராக்டரின் ஆள் வந்து சோதித்தார். மணி அருமையாக அடித்தது.

“மணி நல்லாத்தான் இருக்கு. காலையில ஏழு மணிக்கு அவங்களே டெஸ்ட் பண்ணினதா எழுதியிருக்காங்க. அப்படின்னா கேஸ் கசிஞ்சப்பவும் அடிச்சிருக்கும். இவங்க கவனிக்கல.”

நான் தலையை ஆட்டினேனா, சும்மா நின்றேனா என்று இப்போது ஞாபகம் இல்லை. இரண்டும் ஒன்றுதான்.

ஆஸ்பத்திரியில் பார்க்கப் போனேன். குரல் கரகரத்திருந்தது. என்னைப் பார்த்ததும் முதல் கேள்வி, “யாரும் உள்ள வரலியே?” என்பதுதான்.

“வரலக்கா. வெளியதான் நின்னோம்.”

“நல்லது சார்.” கண்ணில் நீர் வழிந்தது. “நீங்களாச்சும் என் பேச்சைக் கேட்டீங்களே.”

பிறகு குரலைத் தாழ்த்திக் கேட்டார்: “பெல்லு அடிச்சுதாமே சார்? கான்ட்ராக்டர் ஆளு வந்து சொன்னாரு. எனக்குக் கேக்கவே இல்ல. செவப்பு வெளக்கு சுத்துனதையும் பாக்கல. மேளச் சத்தத்துல கேக்கலியோ? உங்களுக்குக் கேட்டுதா?”

“நான் மேல இருந்தேன்க்கா” என்றேன். பொய் இல்லை. அதைவிட மோசமான ஒன்று.

அவரை வேலையிலிருந்து நீக்கினார்கள். மணியைக் கவனிக்காமல் உள்ளே போன ஆள் என்று அந்த வட்டாரத்து கான்ட்ராக்டர்களுக்கெல்லாம் செய்தி போயிற்று. யாரும் கூப்பிடவில்லை. கூப்பிட்டிருந்தாலும் அவர் போயிருக்கமாட்டார் என்று பிறகு கேள்விப்பட்டேன். கடலூரில் காது டாக்டரிடம் காட்டினாராம். காதில் ஒரு குறையும் இல்லை என்றாராம். அதுதான் அவரை இன்னும் உடைத்தது. காது நன்றாக இருந்தும் கேட்கவில்லை என்றால் வேறு எங்கோ கோளாறு என்று முடிவு கட்டிவிட்டார். மைன்ஸில் ஷிப்ட் சங்கு ஊதினால்கூட வீட்டுக்காரரிடம், “இப்ப ஊதுச்சா?” என்று கேட்பாராம். இதையெல்லாம் எனக்குச் சொன்னது எங்கள் கூட்டிப் பெருக்கும் பெண்கள். சொல்லும்போது அவர்கள் என் முகத்தைப் பார்க்கவில்லை.

எத்தனையோ தடவை போய்ச் சொல்லிவிட நினைத்தேன். பிள்ளை பிறக்கட்டும் என்றிருந்தேன். பிறகு எலக்ட்ரீஷியன் வெளியூர் போகட்டும் என்றிருந்தேன். அவனும் போனான். அப்புறம் காரணமே இல்லாமல் இருந்தேன். நான்கு வருஷம் ஓடிவிட்டது.

போன மாதம் சேத்தியாத்தோப்பில் ஒரு வேலையாகப் போயிருந்தேன். பஸ் ஸ்டாண்டில் அவர் நின்றிருந்தார். இளைத்திருந்தார். கையில் வயர் கூடை. ஒரு பஸ் வந்து நின்றது. கண்டக்டர் படியில் தொங்கியபடி, “கம்மாபுரம், கம்மாபுரம்” என்று தொண்டை கிழியக் கத்தினார். அக்கா பக்கத்தில் நின்ற பெண்ணின் கையைத் தொட்டு, “கம்மாபுரம்னா சொல்றாரு?” என்று கேட்டார்.

நான் போய் முன்னால் நின்றேன். அவருக்கு என்னைப் பார்த்ததில் அவ்வளவு சந்தோஷம்.

“சார்! பாப்பா எப்படி இருக்கு? ஸ்கூலுக்குப் போவுதா?”

“அக்கா, அன்னிக்கு மணி அடிக்கல.”

புரியாமல் பார்த்தார். நான் எல்லாவற்றையும் சொன்னேன். ஒன்பது மணி, ஒயர், எலக்ட்ரீஷியன், மூன்று மணிக்குத் திரும்ப மாட்டியது, எல்லாம். சொல்லி முடிக்கும்போது பஸ் போய்விட்டிருந்தது. அவர் முகத்தில் கோபத்தைத் தேடினேன். வந்தது, ஆனால் மெதுவாக வந்தது.

“நாலு வருஷம் சார்.”

“தப்புதான்க்கா.”

“நான் செத்திருந்தாகூட சரின்னு வெச்சிக்கலாம். உயிரோட இருந்துகினு என்னை நானே சந்தேகப்பட்டேனே. என் பொண்ணு அம்மான்னு கூப்புட்டா, நெசமா கூப்புட்டாளான்னு ரெண்டு தடவ யோசிச்சேனே.”

காலில் விழவேண்டும் போல இருந்தது. பஸ் ஸ்டாண்டில் அத்தனை பேர் முன்னால் அதுவும் எனக்கு வசதியான ஒரு காரியமாகத்தான் இருந்திருக்கும். கான்ட்ராக்டரிடம் போய்ச் சொல்கிறேன், முதலாளியிடம் சொல்கிறேன் என்றேன். (மறுநாள் சொல்லவும் செய்தேன். எனக்கு வேலை போயிற்று. அவருக்குத் திரும்பக் கிடைக்கவில்லை.)

“அதெல்லாம் உங்க பாடு. எனக்கு எழுதிக் குடுங்க. இப்பவே.”

எதிர்க் கடையில் ஒரு வெள்ளைத் தாளும் பேனாவும் வாங்கினேன். கடைப் பெஞ்சில் உட்கார்ந்து எழுத ஆரம்பித்தேன். அவர் என் தோளுக்குப் பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். “அன்று மணியின் இணைப்பு துண்டிக்கப்பட்டிருந்தது” என்று எழுதினேன்.

“துண்டிக்கப்பட்டிருந்ததுன்னா யாரு துண்டிச்சது? அதை அடிச்சிடுங்க. நான் கழட்டச் சொன்னேன்னு எழுதுங்க.”

அடித்துவிட்டு எழுதினேன். தேதி, நேரம், என் பெயர், கையெழுத்து.

“கீழ, மணி அடிக்கலன்னு தனியா ஒரு வரி போடுங்க.”

போட்டேன். தாளை வாங்கி, ஒவ்வொரு வரியாக விரல் வைத்துப் படித்தார். பிறகு என்னிடமே நீட்டினார்.

“சத்தமா படிங்க.”

பின்னால் இரண்டு பஸ்கள் ஹாரன் அடித்துக்கொண்டிருந்தன. பூ விற்கிறவள் கூவினாள். டீக்கடைப் பாட்டு வேறு. நான் எழுந்து நின்று படித்தேன். முதல் வரியோடு நிறுத்தப் பார்த்தேன். அவர் விடவில்லை. கண்ணை மூடிக்கொண்டு, தலையைக் கொஞ்சம் சாய்த்து, கடைசி வரி வரைக்கும் நின்றார்.

“கேக்குது” என்றார். யாரிடமும் சொல்லவில்லை, தனக்குத்தான் சொல்லிக்கொண்டார். “நல்லாவே கேக்குது.”

தாளை வாங்கி மடித்துக் கூடையில் வைத்துக்கொண்டு, என்னைத் திரும்பிப் பார்க்காமல் அடுத்த பஸ்ஸில் ஏறினார்.